கேஸ் தோங்கும் என் இடுப்பும்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள குளுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் கடைப்பையன் வைத்துவிட்டுப் போன கேஸ் தோங்கை, அதாவது சமையல் எரிவாயு உருளையை, சமையலறைக்குக் கொண்டுபோகக் குனிந்தேன். உள்ளிருக்கும் எரிவாயு மட்டும் 14 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ அதற்கு இரு மடங்கு. பல ஆண்டுகளாக யோசிக்காமல் செய்துவந்த வேலைதான். அன்று தோங் தரையைவிட்டு ஒரு சாண் எழும்புவதற்குள் இடுப்பின் பின்புறம் ஈரக் கயிற்றை முறுக்கியதைப் போல இறுகிவிட்டது. தோங்கை விட்டுவிட்டேன்; ஆனால் நிமிர முடியவில்லை. வாசல் கம்பிக் கதவைப் பிடித்தபடி, பாதி குனிந்த நிலையில், எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கவலையோடு பார்த்துக்கொண்டிருக்க, கால் மணி நேரம் அப்படியே நின்றேன். அப்போது எனக்கு வயது 46.

வீட்டில் எல்லாரும் தோங்கின்மேல்தான் பழியைப் போட்டார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், அந்தக் காலைக்கான ஏற்பாடுகளை நான் இரண்டரை ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும். எனக்குக் கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கர் வேலை. 2020 மார்ச் 18 ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அலுவலகக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, கல்யாண வீடுகளில் அடுக்கிவைப்பார்களே, அந்த நெகிழி நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினேன். முதுகு சாய்வில் படாது. தலை திரைக்குள் போய்விடும். மாலையில் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன். உடல் எடை 7 கிலோ கூடியது. அலுவலகம் மீண்டும் திறந்த பிறகு, கப்சாய் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்வரும் பயணத்தில், கூனிய முதுகோடு குலுங்கிக்கொண்டே போனேன். தோங் செய்தது கடைசித் தள்ளு மட்டுமே.

முதல் இரண்டு நாள்கள் கோடாலித் தைலமும் வெந்நீர்ப் பையுமாகக் கழிந்தன. ஊருட் (மலாய் மசாஜ்) பிடிக்கும் ஒருவரிடம் போகலாம் என்று அம்மா சொன்னார். தொட்டாலே கத்துகிற நிலையில் அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் காத்திருந்தேன். அங்கே மருத்துவர் என்னைத் தொடுவதற்கு முன்பே சில கேள்விகளை வரிசையாகக் கேட்டார்: சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ இருக்கிறதா, மலம் தன்னையறியாமல் வெளியேறுகிறதா, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போயிருக்கிறதா, கால் நாளுக்கு நாள் வலுவிழக்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, கீழே விழுந்து அடிபட்டீர்களா, முன்பு புற்றுநோய் இருந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்ல வேண்டியிருப்பவர் நான் கீழே எழுதப்போகும் எதையும் செய்துகொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்றென்றால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் தனியார் மருத்துவமனையில் எடுத்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டாக எதையும் தூக்காமல் இருந்தார். அவர்தான் என்னைத் தூண்டிவிட்டவர். இப்போதைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது சிக்கனத்துக்காகச் சொன்னது என்று அன்று நினைத்தேன். 1994 இல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது என்பதைப் பின்னால்தான் படித்தேன். படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த நண்பர் வலியைவிட அறிக்கைக்கே அதிகம் பயந்தார் என்பது என் கருத்து.

வலி பத்து நாள்களில் பெருமளவு குறைந்தது. அதன் பிறகுதான் உண்மையான முட்டாள்தனத்தைச் செய்தேன். வயிறு தொங்குவதால்தான் இடுப்பு வலிக்கிறது, வயிற்றுத் தசையை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, சோபாவுக்கு அடியில் பாதங்களைச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அதே சிட்-அப்பைத் தொடங்கினேன். முதல் நாள் 20, மூன்றாம் வாரத்தில் 60. காலை ஐந்தரை மணிக்கு எழுந்தவுடன் செய்வேன். போதாததற்குச் சூரிய நமஸ்காரமும் ஆறு சுற்று. வியர்வை ஆறாகக் கொட்டியதால் பலன் கிடைக்கிறது என்று நம்பினேன். நான்காம் வாரத்தில், பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது, இடுப்பு மீண்டும் பிடித்துக்கொண்டது. இம்முறை கையில் பல் துலக்கியைத் தவிர வேறு எடை இல்லை.

கிளினிக் மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு அக்டோபரில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு தமிழ்ப் பெண். என்னை "அங்கிள்" என்று அழைத்தார். 46 வயதில் அந்தச் சொல் இடுப்பைவிட அதிகம் வலித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நான் செய்துவந்த பயிற்சிகளைப் பெருமையோடு விவரித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அங்கிள், இடிக்கிற கதவ அறுபது தடவ அடிச்சுச் சாத்தினா சரியாயிடுமா?" என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், சிட்-அப் ஒன்றைச் செய்யும்போது கீழ்முதுகின் மீது 3000 நியூட்டனுக்கு மேற்பட்ட அழுத்தம் விழுகிறது என்று அளந்திருக்கிறார். அது 300 கிலோவுக்கு மேற்பட்ட சுமைக்கு ஒப்பானது. நலமான முதுகு அதைத் தாங்கும். ஆனால் குனிந்தால் வலிக்கிற ஒருவன், குனிவதையே பயிற்சியாக்கி அறுபது முறை செய்வது புண்ணைச் சொறிவதற்குச் சமம். அதிலும் நான் தேர்ந்தெடுத்த நேரம் மிக மோசமானது. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதே அதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் அந்த நீரின் பெரும்பகுதி வெளியேறும் வரை, குனியும்போது வட்டின்மீது விழும் விசை பகலைவிடக் கூடுதலாக இருக்கும். காலையில் குனிவதைத் தவிர்ப்பதால் மட்டுமே நாள்பட்ட வலி குறைந்ததை 1998 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அவர் எனக்குக் கொடுத்த முதல் மருந்து ஒரு பயிற்சியே அன்று: எழுந்த ஒரு மணி நேரத்துக்குக் குனியாதீர்கள் என்பதுதான். சூரிய நமஸ்காரத்தை விடச் சொல்லவில்லை; மாலைக்கு மாற்றி, வலி ஓய்ந்த பிறகு தொடரச் சொன்னார். காலணியை நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி மாட்டினேன். முகம் கழுவும்போது ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றினேன். பூசை மேடையின் கீழ்த்தட்டிலிருந்த விளக்கை நெஞ்சுயரத்துக்கு மாற்றிவிட்டோம். இந்தச் சில்லறை மாற்றங்கள் இரண்டு வாரங்களில் தந்த நிம்மதியை எந்தப் பயிற்சியும் அவ்வளவு விரைவில் தரவில்லை.

அடுத்து, வயிற்றுத் தசைகளைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டார். அவற்றின் முதல் வேலை உடலை மடக்குவது என்று நினைத்திருந்தேன். கையும் காலும் இயங்கும்போது நடுவுடல் மடங்காமலும் திருகாமலும் காப்பதுதான் அவற்றின் முதல் வேலை. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுக்கம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் சமமாக இல்லாவிட்டால் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். முன்னே வயிற்றுத் தசைகள், பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே இருப்பவை, பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், அடியில் இடுப்புக்குழித் தளத் தசைகள் ஆகிய எல்லாம் சேர்ந்த கட்டுமானத்தையே கோர் என்கிறார்கள். கயிறு ஒன்றை மட்டும் முறுக்கேற்றினால் பந்தல் நிமிராது. மேலும், கயிற்றுக்கு வேண்டியது ஒரு கண இழுப்பன்று, நாள் முழுவதும் தளராமை. பியரிங்-சோரென்சன் என்ற டென்மார்க் ஆய்வாளர் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், மேசை விளிம்புக்கு வெளியே மேலுடலைக் கிடைமட்டமாக நீண்ட நேரம் தாங்கிப் பிடிக்க முடிந்த ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாக இடுப்பு வலி வருவது குறைவாக இருந்தது. முதுகின் பொறுமைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை அது காட்டியது. என் முதுகுக்கு வலு இல்லாமல் இல்லை, பொறுமைதான் இல்லை.

வயிற்றை எப்படி இறுக்குவது என்பதிலும் நான் தவறு செய்திருந்தேன். தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளே இழுக்க வேண்டும் என்று பல காணொளிகளில் கேட்டிருந்தேன். 1996 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அடிவயிற்றின் உட்தசை சற்றுத் தாமதமாக இயங்குகிறது என்று கண்டதிலிருந்து அந்த அறிவுரை பரவியது. ஆனால் வயிற்றை உறிஞ்சிக்கொண்டு சுமை தூக்க முடியாது. இருமும்போதோ, குழந்தை வயிற்றில் குதிக்க வருவதைப் பார்க்கும்போதோ வயிறு தானாகச் சுற்றிலும் இறுகுகிறதே, அந்த இறுக்கத்தில் கால் பங்கு போதும். மூச்சு தடைபடாமல் போய்வர வேண்டும். இதற்கு நான் கண்டுகொண்ட சோதனை எளியது: இறுக்கிப் பிடித்தபடி மகளின் பள்ளிக் கதையைக் கேட்டுப் பதில் சொல்ல முடிந்தால் சரி, முகம் சிவந்தால் தவறு.

பயிற்சிகளை முன்கூடத் தரையில் பாய் விரித்துச் செய்தேன். வெறும் பளிங்குத் தரையில் முழங்காலும் முழங்கையும் நோகும், வியர்வையில் வழுக்கும். 15 வெள்ளிக்கு வாங்கிய பாய் போதுமாக இருந்தது. மனைவி பார்க்கும் தொடர் நாடகத்தின் விளம்பர இடைவேளைகளே என் பயிற்சி நேரம். அதற்கெனத் தனி நேரம் ஒதுக்கியிருந்தால் மூன்றாம் வாரத்தில் கைவிட்டிருப்பேன்.

தொடக்கத்தில் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று மட்டுமே. முதலாவது, சிட்-அப்பின் இடத்தைப் பிடித்த சிறு எழுச்சி: மல்லாந்து படுத்து, ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, இரு உள்ளங்கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பத்து விநாடி நிற்பது. கைகள் அடியில் இருப்பது எதற்கென்றால், கீழ்முதுகு அவற்றை நசுக்காமல் தன் வளைவைக் காத்துக்கொள்கிறதா என்று உணர்வதற்காக. வெளியே பார்ப்பவருக்கு நான் எதையும் செய்வதாகவே தெரியாது. "படுத்துக்கிட்டுத் தலையத் தூக்கிப் பாக்குறதெல்லாம் எக்சர்சைஸா?" என்று மனைவி கேட்டாள். ஐந்தாவது முறையில் வயிறு நடுங்குவது படுத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பக்கவாட்டுப் பிளாங்க்: ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையை ஊன்றி, உடலைத் தரையிலிருந்து உயர்த்தி நேராகப் பிடிப்பது. முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க, முதலில் முழங்கால்களை மடக்கி ஊன்றியே செய்தேன். வலப்பக்கம் 38 விநாடி தாங்கினேன்; இடப்பக்கம் 21 தான். இருபது ஆண்டுகளாக மடிக்கணினிப் பையை ஒரே தோளில் தொங்கவிட்டதன் விளைவா, வேறு காரணமா என்று சொல்லத் தெரியவில்லை. நலிந்த பக்கத்தில் முதலில் தொடங்கி, அதற்கு மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் செய்ததில் நான்கு மாதங்களில் இரண்டும் நெருங்கிவந்தன.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பாடம் புகட்டியது. தவழும் நிலையில் கைகள் தோளுக்குக் கீழும் முழங்கால்கள் இடுப்புக்குக் கீழும் இருக்க, வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டி நிறுத்துவது, பிறகு மாற்றுவது. பர்ட் டாக் என்று பெயர். எளிது என்று நினைத்துக் காலை வானத்தை நோக்கி உயர்த்தினேன். முதுகு தொட்டில்போலக் குழிந்தது, ஒரு பக்கமாகத் திருகியது. மகள் ஒரு நெகிழிக் குவளையில் பாதி தண்ணீர் ஊற்றிக் கீழ்முதுகின்மேல் வைத்தாள். முதல் வாரம் முழுவதும் பாய் ஈரமானது. காலை முதுகின் மட்டத்துக்கு மேல் தூக்காமல், குதிகாலால் பின்சுவரை மெல்லத் தள்ளுவதுபோல நீட்டக் கற்றபோதுதான் குவளை நின்றது. இதைச் செய்ய விரும்புபவர்கள் குவளையை வைத்துப் பாருங்கள். கண்ணாடியைவிட அது நேர்மையானது.

எண்ணிக்கை பற்றி: ஒரு நிலையை ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பதைவிட, பத்துப் பத்து விநாடியாகப் பலமுறை செய்வது நல்லது என்றார் அந்த இயன்முறை சிகிச்சைப் பெண். முதல் சுற்றில் 6, அடுத்ததில் 4, கடைசியில் 2 என்று இறங்குவரிசையில் செய்தேன். களைப்பு கூடும்போது எண்ணிக்கை குறைவதால் ஒழுங்கு கெடாது. ஒழுங்கு கெட்ட கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் செய்வது முதுகுக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதாகும். வலியைப் பொறுத்தவரை அவர் கொடுத்த அளவுகோல் இன்றும் எனக்குப் பயன்படுகிறது: தசை களைத்துச் சுடுவது பரவாயில்லை, பிட்டத்துக்கோ காலுக்கோ மின்சாரம்போல இறங்கும் வலி வந்தால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும், முன்பு காலில் இருந்த வலி சுருங்கிக் கீழ்முதுகின் நடுவை நோக்கி வந்தால், முதுகில் சற்றுக் கூடியதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் அது நல்ல அறிகுறி.

இரண்டாம் மாதத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்தேன். ஒன்று, மல்லாந்து படுத்து, கைகளை மேலே நீட்டி, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, எதிரெதிர் கையையும் காலையும் மெல்லத் தரைக்கு இறக்குவது; கீழ்முதுகு தரையிலிருந்து எழும்பக் கூடாது. இதற்கு என் மகள் வைத்த பெயர் கரப்பான். மற்றொன்று பிரிட்ஜ், யோகத்தில் சேதுபந்தாசனம் என்று அறியப்படுவதன் எளிய வடிவம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகாலை அழுத்தி, முதலில் பிட்டத் தசையை இறுக்கிய பிறகே இடுப்பை உயர்த்த வேண்டும். பாதங்களைத் தள்ளி வைத்தால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். உயரமாக எழும்ப வேண்டும் என்ற ஆசையில் கீழ்முதுகை வளைத்தால் பயிற்சி பாழ். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிட்டத் தசை சோம்பிப்போயிருக்கும். அது செய்யாத வேலையைக் கீழ்முதுகு ஏற்றுக்கொண்டு வதைபடும்.

இனி, பயிற்சிகளைவிட முக்கியம் என்று நான் கருதுவதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது சந்திப்பில் அவர், "முதுக மடக்காதீங்க அங்கிள், இடுப்ப மடக்குங்க" என்றார். நான் வழக்கம்போலக் குனிந்து காட்டினேன். அவர் தலையில் கை வைத்தார். எனக்கு எங்கே தவறு என்றே புரியவில்லை. சற்று யோசித்தால் குற்றம் என்னுடையது மட்டுமன்று என்று தெரியும். தமிழில் நாம் இடுப்பு என்று சொல்வது ஓர் இடத்தை அன்று. புடவை செருகும் இடமும் இடுப்பு; குழந்தையைத் தூக்கிவைக்கும் இடமும் இடுப்பு; வலிக்கும் கீழ்முதுகும் இடுப்பு; தொடையெலும்பு வந்து பொருந்தும் மூட்டுக்கும் இடுப்பு மூட்டு என்றே பெயர். இடுப்பை மடக்கச் சொன்னால், நான் பெல்ட் கட்டும் இடத்தில், அதாவது மடக்கவே கூடாத கீழ்முதுகில் மடக்கினேன். அவர் சொன்னது தொடைச்சந்தில் மடக்க வேண்டும் என்பதை. கைகளின் விளிம்பைத் தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் வைத்து, அந்தக் கைகளை நசுக்குவதுபோலப் பிட்டத்தைப் பின்னே தள்ளுங்கள் என்று சொன்ன பிறகே என் மண்டையில் ஏறியது.

வீட்டில் இதைப் பழக மாப்புக் கம்பு உதவியது. கம்பை முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டால் பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது பட வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்திக் குனியும்போது மூன்றில் ஒன்று விலகினாலும் முதுகு மடங்கிவிட்டது என்று பொருள். ஒரு மாதம் தினமும் பத்து முறை செய்தேன். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு, மோட்டார்சைக்கிளின் ஸ்டாண்டு, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றின் முன்னும் அதே அசைவு. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும்போதுகூட, பல ஆண்டுகளாக நான் முதுகைக் கூனிக் குந்தியிருக்கிறேன் என்பது தெரிந்தது. இப்போது அதுவும் என் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

2023 தைப்பூசம் பிப்ரவரி 5 ஆம் தேதி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்துகொண்ட பால்குடம் பாக்கியிருந்தது. நான்கு மாதப் பயிற்சி முடிந்திருந்த துணிச்சலில், தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறினேன். ஏறும்போது எந்தத் தொல்லையும் இல்லை. குடத்தைத் தலையில் தாங்கி நிமிர்ந்து நடப்பது நடுவுடலுக்கு நல்ல வேலைதான். ஆனால் அதற்கு முந்தைய நாள் வெள்ளி இரதம் பார்க்க வெறுங்காலோடு தார்ச்சாலையில் மணிக்கணக்காக நின்றிருந்தேன். இறங்கிவந்த பிறகு அன்னதானப் பந்தலில் தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை இடுப்பு மரக்கட்டையாகிவிட்டது. முருகன் கைவிட்டார் என்று அம்மா சொல்லவில்லை, அதுவரை நிம்மதி.

பழைய பயம் திரும்பிவந்தது. படுக்கையிலேயே கிடக்கலாமா என்று நினைத்தேன். இயன்முறை சிகிச்சைப் பெண்ணிடம் தொலைபேசியில் சொன்னபோது, காயம் எதுவும் ஆகவில்லை, பழக்கமில்லாத அளவு சுமை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். படுக்காமல், வலி அனுமதிக்கும் அளவுக்குப் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை நடக்கச் சொன்னார்; பயிற்சிகளைப் பாதியாகக் குறைத்துத் தொடரச் சொன்னார். முதல் முறை பத்து நாள் எடுத்த வலி இம்முறை நான்கு நாளில் தணிந்தது. பாயில் படுத்துச் செய்பவை மட்டும் போதா என்பதை அந்தத் தைப்பூசம் காட்டியது. முதுகு நிற்கவும் நடக்கவும் சுமக்கவும் வேண்டியிருக்க, நான் அதைப் படுக்கையிலேயே பழக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இரண்டு மாற்றங்கள். ஒன்று நடை: வாரத்தில் நான்கு நாள், கைகளை வீசி, சற்று வேகமாக, அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் தாவரவியல் பூங்காவில். மற்றொன்று, ஒரு கையில் மட்டும் சுமை தூக்கி நடப்பது. 5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலை வலக்கையில் பிடித்துக்கொண்டு, உடல் எப்பக்கமும் சாயாமல், எங்கள் மாடியின் நடைபாதையில் கோடியிலிருந்து கோடிக்கு நடப்பேன், திரும்பும்போது இடக்கை. சில மாதங்களில் அது 10 கிலோ அரிசி மூட்டையாயிற்று. பக்கவாட்டுப் பிளாங்க் கற்றுக்கொடுப்பதை நடையில் வைத்துச் சோதிக்கும் பயிற்சி இது, செலவும் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் ஒவ்வொரு மாலையும் நான் அரிசியை எங்கே கொண்டுபோகிறேன், ஏன் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரிப்பார்.

இந்தப் பயிற்சிகள்தான் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. நடுவுடல் தசைகளைக் குறிவைக்கும் பயிற்சிகளையும் பொதுவான பிற உடற்பயிற்சிகளையும் ஒப்பிட்டு 2016 இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, நாள்பட்ட இடுப்பு வலியில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றே சொல்கிறது. நீந்துபவர் நீந்தலாம், சிலம்பம் சுற்றுபவர் சுற்றலாம். என்னைப் போல அலுவலகம் முடிந்து பாலத்தைக் கடந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வருபவனுக்கு, விளம்பர இடைவேளையில் முடிகிற ஒன்று கிடைத்தது; அதனால் தொடர முடிந்தது. 2024 ஜனவரி 25 தைப்பூசத்தில் மீண்டும் ஏறினேன். முந்தைய நாள் இரதம் பார்த்தபோது அரை மணிக்கு ஒரு முறை நடந்தேன். கீழே இறங்கியபின் சம்மணமிடாமல் நாற்காலி கேட்டு வாங்கினேன். மறுநாள் கெண்டைக்கால் மட்டுமே வலித்தது.

இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை இடுப்பு முனகும். பெரும்பாலும் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில், நான் நாற்காலியைவிட்டு எழாத நாள்களில். அந்த அலுவலக நண்பரும் இப்போது குவளையை முதுகில் வைத்துப் பழகுகிறார். அறிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

கேஸ் தோங் இன்னமும் மாதத்துக்கு ஒன்று வருகிறது. அதை நான் தூக்குவதில்லை. தொடைச்சந்தில் மடங்கி, கைப்பிடி வளையத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டே சமையலறைக்குக் கொண்டுபோகிறேன். கடைப்பையன் மின்தூக்கியிலிருந்து எங்கள் வாசல் வரை எப்போதும் அப்படித்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறான். நான்தான் அத்தனை ஆண்டுகளும் கவனிக்கவில்லை.